மகளிர் மலையேற்றம்: ஒரு சிறு வரலாறு

“பொண்ணுங்க மட்டும் ஏன் தனியா மலையேறணும்?” என்று நம் நண்பர்களே கேட்பதுண்டு. ஆண்கள் சிலர் தம்முடன் ஏற மறுத்ததைக் கண்ட ஜப்பானின் ஜுன்கோ தபேய், 1969-ல் மகளிர் மலையேற்றச் சங்கம் தொடங்கினார். 1975-ல் எவரெஸ்ட்டை எட்டிய முதல் பெண்மணி அவரே. 1993-ல் பச்சேந்திரி பால் தலைமையில் இந்திய-நேபாள மகளிர் குழுவும் எவரெஸ்ட்டை வென்றது.

மகளிர் தினத்தையொட்டிச் சென்னையிலிருந்து போன குழு, 11.3.2018 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியது. மற்றொரு குழுவினரையும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீக்கு ஆண், பெண் தெரியாது. அவ்வாண்டே அரசு மலையேற்ற விதிகளை வகுத்தது. 2024-ல் 40 பாதைகளை முறைப்படி திறந்தது.

அடையாறிலும் மயிலாப்பூரிலும் அடுத்த பயணத்துக்குத் திட்டம் போடும் தங்கைகளே, தாராளமாப் போங்க! வனத்துறை அனுமதி, தேர்ந்த வழிகாட்டி, தப்பிக்க மாற்றுவழி, இந்த மூன்றும் இல்லாமல் மட்டும் கிளம்பாதீங்க.