காணொளிக்குப் பின் வந்த தேர்வுக்கூடம்: இணையவழி கிரெடிட்டும் இளநிலைப் பட்டமும்

இந்தியப் பல்கலைக்கழகங்கள் இணையவழிப் பாடங்களை இளநிலைப் பட்டத்துக்குரிய கிரெடிட்டாக ஏற்றதற்கு இணைய வசதி பரவியதே காரணம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். காலவரிசை இதற்கு முழுவதும் ஒத்துவரவில்லை. பாடங்களை உருவாக்கும் திட்டம் 2003-இலேயே தொடங்கிவிட்டது. கிரெடிட்டுக்கான விதிமுறை 2016-இல்தான் அரசிதழில் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நேர்ந்த முக்கிய மாற்றம் தேர்வில் நிகழ்ந்தது.

தொலைவிலிருந்து படிப்பது நமக்குப் புதிதல்ல. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் அந்தத் துறையில் இறங்கியது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இல் பிறந்தது. ஆனால் பாடம், தேர்வு, பட்டம் மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. ஓரிடத்தில் தேறிய தாளை இன்னோரிடத்துப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் பேச்சே அப்போது பெரிதாக எழவில்லை.

2003-இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. பேராசிரியர்களின் விரிவுரைகள் இலவசமாகக் கிடைத்தன. பொறியியல் மாணவர்கள் பார்த்தார்கள், பயனடைந்தார்கள். மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடமில்லை. பார்த்தவர் யார், புரிந்துகொண்டாரா என்பதற்கு யாரும் சான்று தரவில்லையே!

அந்தச் சான்று 2014 மார்ச்சில் வந்தது. சென்னை ஐ.ஐ.டி. வழங்கிய நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு பற்றிய பாடத்தோடு என்பிடெல் சான்றிதழ்த் தேர்வைத் தொடங்கியது. பின்னாளில் நிலைபெற்ற முறை இது: வாராந்தர அசைன்மென்ட்டுகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. முன்னதில் 10, பின்னதில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். அசைன்மென்ட்டை வீட்டிலிருந்தே அனுப்பலாம்; தேர்வுக்கோ அடையாள அட்டையுடன் மையத்துக்குப் போய், கண்காணிப்பாளர் முன் உட்கார வேண்டும். பாடம் இலவசம், தேர்வுக்குக் கட்டணம். பல்கலைக்கழகங்கள் நம்பத் துணிந்தது இந்த 75-ஐத்தான் என்பது என் கணிப்பு. 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2 என்ற கணக்கும் இதன்மேல்தான் நிற்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறை, ஒரு பருவத்தில் ஒரு படிப்புக்குரிய பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளம் வழியே படிக்க அனுமதித்தது. அப்படிப் பெற்ற கிரெடிட்டை மாற்றித்தரப் பல்கலைக்கழகம் மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. ஸ்வயத்தை அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 2017 ஜூலை 9-இல் தொடங்கிவைத்தார்.

விதி வந்தவுடன் தயக்கம் போய்விடவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளுக்கு வகுத்த 2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை 3 கிரெடிட்டுக்கு மிகாத ஒரே ஓர் இணையவழிப் பாடத்துக்கு இடம் கொடுத்தது. பாடத்தின் சான்றிதழ் பெற்றவர் பல்கலைக்கழகம் நடத்தும் பருவத் தேர்வை எழுதத் தகுதி பெறுவார் என்றது அந்த ஒழுங்குமுறை. அதாவது, வெளியே ஒரு தேர்வில் தேறியவர் உள்ளேயும் ஒரு தேர்வு எழுத வேண்டும். இதை வெறும் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். பட்டச் சான்றிதழில் கையெழுத்திடும் நிறுவனத்துக்குத் தன் தேர்வின் மீதே நம்பிக்கை அதிகம் இருப்பது இயல்பு.

2021 இரண்டு திருப்பங்களைக் கண்டது. மார்ச்சில் வந்த புதிய விதிமுறை 20-ஐ 40 விழுக்காடாக்கியது. ஜூலையில் கல்விக் கிரெடிட் வங்கிக்கான விதிமுறை வெளியானது: மாணவர் பெயரில் கணக்கு, அதில் சேரும் கிரெடிட்டுக்கு அதிகபட்சம் 7 ஆண்டு ஆயுள். ஆனாலும் பட்டம் தரும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதி கிரெடிட்டைப் பெற்றாக வேண்டும். வங்கி எண்ணிக்கையைச் சேமிக்கும். எந்த இணையவழிப் பாடம் தன் பாடத்திட்டத்தின் எந்தத் தாளுக்கு ஈடாகும் என்பதை முடிவுசெய்வது இன்றும் அந்தந்தக் கல்வி நிறுவனமே.