எம்.ஏ. இசையில் பறை எங்கே?

1927 டிசம்பரில், சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு அகில இந்திய இசை மாநாடும் கூடியது. அடுத்த ஆண்டே மியூசிக் அகாடமி உருவானது. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 'இந்திய இசை'த் துறை வந்தது. பெயர்தான் இந்திய இசை. உள்ளே கற்றுத்தந்தது பெரும்பாலும் கர்நாடக சங்கீதம்.

தொல்காப்பியம் கருப்பொருளில் சேர்த்த பறை வாசலிலேயே நின்றது. மிருதங்கம் உள்ளே போனது. அதுவும் மாட்டுத்தோல்தானே! அந்தத் தோலைப் பதம் பார்த்து, வார் பிடித்து, நாதம் வரவைக்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) அவர்களைப் பற்றியதுதான். வாசிக்கப் படித்தவருக்குப் பட்டம் உண்டு. கருவியைச் செய்கிறவரின் அறிவு இன்னும் கூலிவேலைக் கணக்கில்தான் இருக்கிறது.

2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எம்.ஏ. இசைக்கு விண்ணப்பிக்கும் தோழர்களே, சேரும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். பறை அதில் முழுப் பாடமா, 'நாட்டுப்புறக் கலைகள்' அலகில் ஒரு வரியா?