கணனி பழுதானால் பகிர்ந்த கணிப்பு வேலையை மீட்பது எப்படி?

ஓய்வில் இருக்கும் வீட்டுக் கணனியை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் வழியைப் பரவலாக்கியது, 1999 மே மாதம் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகம் தொடங்கிய ‘செற்றி அற் ஹோம்’. 2020 மார்ச்சில் அது புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆனால் அங்கேயே உருவான ‘பொயிங்க்’ மென்பொருளில் வேறு திட்டங்கள் தொடர்கின்றன. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் காலநிலைத் திட்டம் ஒன்று. 2004இல் ஐபிஎம் தொடங்கி, 2021இல் ரொறன்ரோவின் கிறெம்பில் ஆய்வு நிறுவனத்திடம் கைமாறிய ‘வேர்ல்ட் கொம்யூனிற்றி கிறிட்’ இன்னொன்று. எங்கள் பிள்ளைகள் சிலரும் இவற்றில் சேர்ந்திருப்பார்கள்.

எது இழப்பு?

சில வேலைகள் ஒரு சில மணித்தியாலத்தில் முடியும். காலநிலை மாதிரிகளோ வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் ஓடுபவை. இடையில் வன்தட்டு பழுதானால் அத்தனை நாள் கட்டிய மின்சாரக் காசும் வீண். பல திட்டங்களில் ஒரே வேலை இரண்டு பேருக்குப் போகும். இரு விடைகளும் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். உங்கள் விடை வராவிட்டால், எங்கோ இருக்கும் இன்னொருவரின் உழைப்பும் காத்துக் கிடக்கும்.

இரண்டு பாதுகாப்புகள்

மின்சாரம் திடீரென நின்றால் பயமில்லை. வேலை இடைக்கிடை தன் நிலையை வன்தட்டில் பதிந்துகொள்ளும். திரும்ப இயக்கும்போது கடைசிப் பதிவிலிருந்து தொடரும். வன்தட்டே போய்விட்டால் அந்தப் பதிவும் போய்விடும். அதற்குத்தான் வெளித்தட்டில் ஒரு பிரதி வேண்டும்.

பிரதி எடுக்கும் முறை

முதலில் பொயிங்க்கை முழுதாக நிறுத்துங்கள். சாளரத்தை மூடினால் மட்டும் போதாது. பின்னணியில் வேலை ஓடிக்கொண்டிருக்கும். பட்டியலில் வெளியேறும் கட்டளையைக் கொடுத்து, ஓடும் வேலைகளையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

பிறகு தரவுக் கோப்புறை முழுவதையும் பிரதி எடுங்கள். விண்டோஸில் அது வழமையாக ‘புரோகிராம் டேற்றா’வுக்குள் மறைந்திருக்கும். மென்பொருள் தொடங்கும்போது காட்டும் நிகழ்வுப் பதிவில் அதன் இடம் எழுதப்பட்டிருக்கும்.

அதற்குள் ‘கிளையன்ற் ஸ்ரேற்’ என்ற கோப்புத்தான் பேரேடு. எந்த வேலை, எவ்வளவு முடிந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. ‘புரொஜெக்ற்ஸ்’, ‘சுலொற்ஸ்’ என்ற கோப்புறைகள் வவுச்சர்கள் போன்றவை. ஒரு நாளின் பேரேட்டையும் இன்னொரு நாளின் வவுச்சர்களையும் சேர்த்தால் கணக்கு ஒத்துவராது. எல்லாம் ஒரே நேரத்துப் பிரதியாக இருக்கவேண்டும்.

மீட்கும் முறை

1. புதிய வன்தட்டில் பொயிங்க்கை நிறுவி, உடனே நிறுத்துங்கள். திட்டம் எதிலும் சேரவேண்டாம்.

2. இணையத்தைத் துண்டியுங்கள்.

3. புதிய தரவுக் கோப்புறையில் உள்ளதை அகற்றி, பிரதியை முழுதாக வையுங்கள்.

4. மென்பொருளை இயக்கி, வேலை பழைய இடத்திலிருந்து தொடர்கிறதா, நிகழ்வுப் பதிவில் பிழை உண்டா என்று பாருங்கள்.

5. பிரதி எடுத்த பின் முடித்து அனுப்பிய வேலைகள் மீண்டும் தோன்றினால் அவற்றைக் கைவிடுங்கள். தவணை கடந்தவற்றையும் அப்படியே.

6. கடைசியாக இணையத்தை இணையுங்கள்.

இணைத்ததும் திட்டத்தின் இணையத்தளத்தில் உங்கள் கணக்கைப் பாருங்கள். இது வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுப் போடுவது மாதிரி: உங்கள் கணனி சொல்வதும் அவர்களின் வழங்கி சொல்வதும் பொருந்தவேண்டும். ஒவ்வொரு தொடர்புக்கும் ஒரு தொடர் இலக்கம் உண்டு. பழைய பிரதி பழைய இலக்கத்தோடு போனால், வழங்கி அதை வேறு கணனி என்று நினைத்துப் புதிய அடையாளம் கொடுக்கக்கூடும். ஒரே பிரதியை இரண்டு கணனிகளில் இயக்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

எப்போது தேவையில்லை?

குறுகிய வேலைகளுக்கு இந்தப் பாடு வேண்டாம். தவணை முடிந்ததும் வழங்கி அதை வேறொருவருக்கு அனுப்பிவிடும். சில திட்டங்கள் தொலைந்த வேலையை உங்களுக்கே மீண்டும் அனுப்பும். நீண்ட வேலை ஓடுகிறதென்றால் மட்டும் வாரம் ஒருமுறை பிரதி எடுங்கள். முந்தைய வாரப் பிரதியையும் அழிக்காமல் வையுங்கள். புதியது பழுதாக இருந்தால் பழையது கைகொடுக்கும்.