மதிலை இடித்தவர்க்கு மனை

மதுரையில் வீடு தேடுவோரிடம் தரகர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "டவுனுக்குள்ளேயா, வெளியிலேயா?" என்பதாகும். இந்த 'டவுன்' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எவரும் விளக்குவதில்லை. விளக்க வேண்டிய தேவையும் இல்லை. நான்கு வெளி வீதிகளுக்குள் அடங்கியது டவுன். ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் இடிக்கப்பட்ட கோட்டை மதில் ஒன்று, கல்லும் மண்ணும் போன பின்னரும், வீட்டுத் தரகர் நாவில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. அம்மதில் இடிந்த கதையையும், அது நின்ற நிலத்தில் மதுரை மக்கள் வீட்டுமனை பெற்ற விதத்தையும் இங்கே காண்போம்.

மதுரைக்குள் இருப்பிடம் தேடி நடந்தவர்களில் நம் இலக்கியம் அறிந்த முதல் ஆள் கோவலன்தான் என்று வகுப்பில் நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு, தன் குலத்து வணிகரைக் கண்டு நிலையைச் சொல்லி வருவதாகக் கூறி அவன் நகருக்குள் போகிறான். மணி விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, துணி விற்கும் வீதி, கூலம் விற்கும் வீதி என்று சுற்றிப் பார்த்துத் திரும்புகிறான். தங்க ஓர் இடம் கிடைத்ததாக இளங்கோவடிகள் அங்கே சொல்லவில்லை. இடம் பின்னர் மாதரியின் அருளால்தான் அமைகிறது. கடைத்தெரு செழித்த ஊரில் குடியிருக்க இடம் அரிது என்பது அன்றே தொடங்கிவிட்டது போலும்.

பரிபாடல் திரட்டில் மதுரையைத் தாமரைப் பூவுக்கும், அதன் தெருக்களை இதழ்களுக்கும், நடுவிலுள்ள கோயிலைப் பொகுட்டுக்கும் ஒப்பிடும் பாடல் ஒன்று உண்டு. இன்றைய சுற்றுலாக் கையேடுகள் இவ்வுவமையை மீனாட்சியம்மன் கோயிலுக்கு ஏற்றிச் சொல்கின்றன. அப்பாடலில் கோயில் என்பது அரசன் இருக்கை என்றே கொள்ளத்தக்கது. எனினும் மையம் ஒன்று, அதைச் சுற்றி அடுக்கடுக்காகத் தெருக்கள் என்ற அமைப்பு, மையத்தில் இருப்பவர் மாறினாலும், மாறாமல் நின்றிருக்கிறது.

இன்று நாம் காணும் வீதியமைப்பு நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது. கோயிலுக்குள் ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி. அதற்கப்பால் ஆவணி மூல வீதி. அதற்கும் அப்பால் மாசி வீதி. எந்த மாதத் திருவிழாவில் சாமி எந்த வீதியில் வலம் வந்ததோ அம்மாதமே வீதிக்குப் பெயராயிற்று. சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று வெளியூர் மாணவர்கள் நம்மிடம் கேட்பார்கள். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது மரபு. விழா மாறிற்று, அகன்ற வீதி மாசி வீதியே ஆதலால் தேர் மாறவில்லை.

இவ்வளவையும் சூழ்ந்து நின்றது விசுவநாத நாயக்கர் (1529 - 1564) எழுப்பிய கோட்டை. இரட்டை மதில், வெளியே அகழி, 72 கொத்தளங்கள். ஒவ்வொரு கொத்தளத்தின் காவலும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு. (2011-க்கு முன் மதுரை மாநகராட்சிக்கும் வார்டுகள் 72-தான். தற்செயலாக இருக்கலாம், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) இதற்குள்ளே பாண்டியர் காலக் கோட்டை ஒன்றும் இருந்தது. அதன் கிழக்கு வாயில், இடிக்காமல் விடப்பட்டதால், விட்டவாசல் என்ற பெயரோடு அம்மன் சந்நிதிக்குக் கிழக்கே இன்றும் நிற்கிறது. நாயக்கர் கோட்டையின் எச்சமாக ஒரு கொத்தளத்தைப் பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கோட்டைக்கு வேலை இல்லாமற் போயிற்று. பாளையக்காரர்கள் ஒடுக்கப்பட்டு, ஆட்சி 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன பிறகு கொத்தளங்களில் காவல் புரிய எவரும் இல்லை. அகழியில் நீர் தேங்கி நாறிற்று, காய்ச்சல் பரவிற்று. உள்ளே மக்கள் பெருகினர். வெளியே விரிய மதில் விடவில்லை. 1834 முதல் 1847 வரை இங்கே கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன், மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பது என்று முடிவு செய்தார். 1837-ஐ ஒட்டித் தொடங்கிய இவ்வேலை 1840-களில் நிறைவெய்தியது.

இடிப்பது என்று முடிவு செய்வது எளிது. இடிக்க ஆளும் பணமும் வேண்டுமல்லவா? இங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. மதிலையும் கொத்தளத்தையும் இடித்து அம்மண்ணைக் கொண்டே அகழியைத் தூர்த்துச் சமன் செய்பவர்க்கு, அவ்வாறு உண்டான நிலத்தில் மனை என்பது ஏற்பாடு. கையில் காசு இல்லாதவனும் கடப்பாரையும் மண்வெட்டியும் இருந்தால் நகரின் நடுவே வீட்டுக்காரன் ஆகலாம். நகரத்து நிலத்தை உழைப்பால் வாங்க முடிந்த இத்தகைய தருணம் மதுரை வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததாக நாம் அறியோம்.

அந்நிலத்தில் மூன்று சுற்று வீதிகள் தோன்றின. மாசி வீதிக்கு வெளியே பெருமாள் மேஸ்திரி வீதி, அதையடுத்து மாரட் வீதி, கடைசியில் வெளி வீதி. மாரட் என்ற பெயரைக் கேட்பவர் மராட்டியரை நினைக்கக்கூடும். அவர் இவ்வேலையில் ஈடுபட்ட ஆங்கிலேய நில அளவையாளர். பெருமாள் மேஸ்திரி வேலையாட்களை மேற்பார்த்தவர். கடவுளர், மன்னர், மாதங்கள் பெயரால் வீதிகள் விளங்கிய ஊரில் ஒரு மேஸ்திரியின் பெயரால் வீதிகள் அமைந்தன என்பது சிறிய செய்தியன்று. பிளாக்பர்னுக்கு நன்றி பாராட்டி மக்கள் 1847-இல் எழுப்பிய விளக்குத்தூண், கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சந்திக்கும் பகுதிக்குத் தன் பெயரைத் தந்துவிட்டது. ஜவுளி வாங்க விளக்குத்தூணுக்குப் போகும் கூட்டத்தில் தூணை நிமிர்ந்து பார்ப்பவர் சிலரே.

உலக வரலாற்றில் இதற்குப் புகழ்பெற்ற இணை வியன்னா. அங்கே மதிலை இடிக்கப் பேரரசர் பிரான்சு ஜோசப் ஆணையிட்டது 1857-இல். மதுரைக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிந்தியது. அங்கும் மதில் நின்ற நிலத்தில் வட்டச் சாலை அமைந்தது. ஆனால் நிலம் செல்வர்க்கு விற்கப்பட்டது. அப்பணத்தில் அரங்குகளும் அருங்காட்சியகங்களும் எழுந்தன. மாளிகைகள் வரிசையாக நின்றன. வியன்னாவின் ரிங் சாலையைப் பற்றி நூல்கள் குவிந்து கிடக்கின்றன. மதுரை வெளி வீதியில் மாளிகை இல்லை, நூலும் அரிது. மண் சுமந்தவன் கட்டிய வீட்டுக்கு மாளிகையின் முகப்பு எப்படி வரும்?

அவ்வீடுகளின் அமைப்பையும் சொல்ல வேண்டும். முகப்பு குறுகியது, ஆழம் நீண்டது. திண்ணை, ரேழி, முற்றம், இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இரு வீட்டுக்கும் பொதுவான சுவர். பக்கவாட்டில் ஆள் ஒருவர் மட்டும் போகத்தக்க முடுக்கு. இந்த நெருக்கத்தின் பயன் நடையில்தான் தெரியும். கிழக்கு வெளி வீதியிலிருந்து மேல வெளி வீதிக்கு அரைமணி நேரத்திற்குள் நடந்துவிடலாம். 1875-இல் இரயில் வந்தபோது நிலையம் மேல வெளி வீதியை ஒட்டியே அமைந்தது. கோயிலிலிருந்து டவுன் ஹால் ரோடு வழியே கால்மணி நடை. பாத்திரத்துக்கு வெங்கலக்கடைத் தெரு, நகைக்குத் தெற்கு ஆவணி மூல வீதி, காய்கறிக்கு வடக்கு ஆவணி மூல வீதிச் சந்தை. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் அரையாடைக்கு மாறிய வீடு மேலமாசி வீதியில் உள்ளது. வரலாறு நிகழ்ந்த அவ்வீட்டுக்கும் மளிகை வாங்கும் கடைக்கும் இடையே சில நூறு அடிகளே தொலைவு.

நடைதூரத்தில் எல்லாம் இருந்தது. எல்லோர்க்கும் இருந்ததா என்றால், இல்லை. மையத்தில் இருந்த கோயிலின் வாயிலைத் தாழ்த்தப்பட்டோர் தாண்ட முடிந்தது வைத்தியநாத ஐயர் தலைமையில் 1939 ஜூலை 8 அன்றுதான். அதுவரை இதழ்களைச் சுற்றலாம், பொகுட்டைத் தொடலாகாது. தெருக்களும் சாதி அறிந்து பிரிந்தவையே. இன்றும் உள்வீதிகளில் வாடகைக்குக் கேட்டுப் போகிறவரிடம் முன்பணம் பற்றிய கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி வந்து நிற்கிறது. பழைய நகரின் புகழைப் பாடுவோர் இதை மறைத்துப் பாடுவது முறையன்று.

வைகையின் குறுக்கே 1889-இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் அமைந்ததும் நகரம் வடகரைக்கு எளிதாகத் தாவிற்று. பின்னர் அண்ணா நகர், கே.கே. நகர் என்று விரிவு தொடர்ந்தது. 2011-இல் மாநகராட்சி எல்லை ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராக விரிந்து, வார்டுகள் 100 ஆயின.

சில ஆண்டுகளுக்கு முன் வடக்கு மாசி வீதியை ஒட்டிய தெருவொன்றில் வீடு ஒன்று விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டு நாமும் இல்லத்தரசியுமாகப் போய்ப் பார்த்தோம். ஒன்றேகால் சென்ட், முற்றத்தில் கிணறு, பர்மாத் தேக்கில் உத்தரம். தரகர் எமக்கு மூலப்பத்திரத்தின் நகலைக் காட்டினார். நான்கெல்லையில் மூன்று புறம் பிறர் வீட்டுச் சுவரே எல்லை. உரிமையாளர் என்று ஒருவர் இல்லை. பாகப்பிரிவினை ஆகாத பங்காளிகள் பதினொருவர், அவர்களுள் இருவர் வெளிநாட்டில். இவற்றையெல்லாம் எண்ணி நாம் தயங்கியிருக்கையில் தரகர் எம்மை ஒரு மாதிரியாகப் பார்த்து, "ஏன் சார், குடியிருக்கவா கேக்குறீங்க? நான் குடோனுக்குன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

விலையைக் கேட்டதும் அவர் நினைத்ததில் தவறில்லை என்று தெரிந்தது. குடியிருப்பவர் தரக்கூடிய விலை அன்று அது. சரக்கு அடுக்குபவர் தரக்கூடிய விலை. உள்நகரில் ஒரு சதுர அடியின் மதிப்பு அங்கே எவ்வளவு விற்கும் என்பதைக் கொண்டு அமைகிறது. எவ்வளவு நன்றாக உறங்கலாம் என்பதைக் கொண்டு அன்று. மேலே கட்டி ஈடு செய்யலாம் என்றால், கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டடம் எழக்கூடாது என்று அரசாணை உண்டு. கோபுரம் மறையாதிருக்க அது தேவையான ஆணை என்றே நாம் கருதுகிறோம். மீறி எழுந்த கட்டடங்கள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. ஆணைக்கு அடங்கி நடப்பவர்க்கோ தரைத்தளத்தைக் கடைக்கு விட்டு மேலே ஒடுங்குவது ஒன்றே வழி. பலர் அவ்வாறே ஒடுங்கி, பிறகு அதையும் விட்டுவிட்டுப் புறநகருக்குப் போய்விட்டார்கள். திண்ணைகள் ஷட்டர்கள் ஆயின.

வடக்கு ஆவணி மூல வீதியில் இருந்த பழைய சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போயிற்று. சந்தை இருந்த இடத்தில் இப்போது பல அடுக்கு வாகன நிறுத்தகம் நிற்கிறது. கூடையோடு நடந்து வந்தவர்கள் கீரை வாங்கிய இடத்தில் வெளியூர்க் கார்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. யாத்திரிகர்க்கு அது வசதி, மறுப்பதற்கில்லை. சித்திரை வீதிகளில் வாகனங்களை விலக்கியதும் நல்லதே. அங்கே இன்று காலாற நடக்கலாம். ஆனால் அங்கே நடப்பவர்களுள் நடந்து தம் வீட்டுக்குப் போகிறவர் குறைவு.

அப்படியானால் டவுனுக்குள் இன்னும் குடியிருப்பவர் யார்? பெரும்பாலும் ஒத்திக்காரர்கள். ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் அதே தொகையைத் திரும்பப் பெறுவது ஒத்தி. மதுரையில் சிறு வருவாய்க் குடும்பங்களுக்கு வீடு என்றால் பலவேளைகளில் ஒத்தி வீடுதான். நகைப்பட்டறை ஆசாரி, ஜவுளிக்கடைச் சிப்பந்தி, கோயில் வாசலில் பூக்கட்டும் பெண், தையற்காரர் எனத் தொழிலுக்கு நடந்து போகிறவர்கள், கடைகளுக்குப் பின்னால், பின்கட்டிலும் மாடி அறையிலும் இருக்கிறார்கள். நிலம் அவர்களுடையதன்று, அந்த நிலத்தில் நடை மட்டும் அவர்களுடையது. மதிலை இடித்தவர்க்கு மனை கொடுத்த ஊரில், அவர்களைப் போன்ற உழைப்பாளிகளின் வழிவந்தோர் இன்று பத்திரத்தில் பெயரின்றி அதே வீதிகளில் வாழ்கிறார்கள். வீடு கைமாறி இடிக்கப்படும்போது ஒத்திப்பணம் திரும்பி வருகிறது. ஐந்தாண்டுக்கு முன் கொடுத்த அதே தொகை. அத்தொகைக்கு அதே தெருவில் மற்றொரு வீடு கிடைப்பதில்லை. வில்லாபுரத்துக்கோ அவனியாபுரத்துக்கோ போய், மறுநாள் காலை பெரியார் நிலையத்துக்கு வரும் பேருந்தில் நின்றுகொண்டு வருகிறார்கள்.