முகநூலுக்கு முன் இருந்த முகநூல்

'முகநூல்' என்பது நேர் மொழிபெயர்ப்பாகத் தமிழில் அமைந்த சொல். இன்று அது ஒரு சமூக ஊடகத் தளத்தின் பெயர். ஆனால் அமெரிக்கக் கல்லூரிகளில் 'ஃபேஸ் புக்' என்பது முதலில் அச்சிட்ட ஒரு கையேட்டைக் குறித்தது. புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் ஒளிப்படங்களும் பெயர்களும் அதில் இருக்கும். அந்தக் கையேடு இணையத்துக்கு இடம்பெயர்ந்த விதத்தில், சமூக ஊடகம் மனநலத்தைக் கெடுக்கிறதா என்ற வினாவுக்கான வலுவான சான்றுகளுள் ஒன்று பொதிந்திருக்கிறது.

வினா முகநூலைவிடப் பழையது. 1998இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கிராவுட்டும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிட்ஸ்பர்க் நகரில் 93 குடும்பங்களுக்குக் கணினியும் இணைய இணைப்பும் அளித்து, முதல் ஓரிரு ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு அது. இணையத்தை மிகுதியாகப் பயன்படுத்தியவர்களிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் சிறிதளவு கூடியிருந்தன. ஆனால் 2002இல் அதே குழு மீண்டும் எழுதியபோது, தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட அந்த மனிதர்களிடம் பாதிப்புகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. நான்காண்டு இடைவெளியில் ஒரு முடிவு கரைந்துபோனது. இன்று இவ்விவாதத்தில் உறுதியோடு பேசும் இரு தரப்பினரும் இந்த நிகழ்வை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சிக்கலின் வேர் காரணகாரியத்தில் இருக்கிறது. மனம் சோர்ந்தவர் ஊடகத்தில் அதிக நேரம் செலவிடுகிறாரா, அதிக நேரம் செலவிடுவதால் மனம் சோர்கிறாரா? ஒரு காலத்தில் ஒரு குழுவை மட்டும் அளந்தால் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. ஊடகம் வந்த இடத்தையும் இன்னும் வராத இடத்தையும் ஒரே காலத்தில் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வாய்ப்பைத் திட்டமிடாமலே உருவாக்கித் தந்தது முகநூலின் தொடக்க வரலாறு.

2004 பிப்ரவரி 4 அன்று ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டுமென அது தொடங்கப்பட்டது. அடுத்த மாதம் கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு, யேல் ஆகியவற்றுக்குச் சென்றது. பின்னர் ஒவ்வொரு கல்லூரியாகத் திறந்துகொண்டே போய், 2006 செப்டம்பரில்தான் பொதுமக்கள் அனைவருக்கும் உரியதாயிற்று. அந்தந்தக் கல்லூரியின் மின்னஞ்சல் முகவரி இல்லாமல் உள்ளே நுழைய இயலாது என்பதால், எந்தக் கல்லூரிக்கு எப்போது வந்தது என்பது தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது. பிராகியேரி, லெவி, மகாரின் என்னும் மூன்று பொருளியலாளர்கள் 775 கல்லூரிகளுக்கு அந்த நாள்களைத் திரட்டினர். அவற்றை அதே ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்ட உடல்நல, மனநலக் கணக்கெடுப்புகளோடு பொருத்தினர். ஆய்வு 2022இல் வெளியானது.

முகநூல் வந்த கல்லூரிகளில் மாணவர்களின் மனநலம் சரிந்திருந்தது. மனச்சோர்வும் பதற்றமும் கூடின. சரிவின் அளவு, வேலையை இழப்பதால் மனநலத்துக்கு ஏற்படும் பாதிப்பில் ஏறத்தாழ 22 விழுக்காடு என்று அவர்கள் மதிப்பிட்டனர். பேரழிவு என்று சொல்ல முடியாது, புறக்கணிக்கவும் முடியாது.

இதில் என்னை நிறுத்தியது அந்த எண் அன்று, ஆண்டுகள். முகநூல் கல்லூரி கல்லூரியாகப் பரவிய காலத்தில் இன்று நாம் குற்றம் சாட்டும் கருவிகள் எவையும் இல்லை. நியூஸ் ஃபீட் 2006 செப்டம்பரில் வந்தது. ஐபோன் 2007இல் வந்தது. 'லைக்' பொத்தான் 2009இல் வந்தது. முடிவில்லாமல் உருளும் காணொளிகள் அதற்கும் பின்னால். அன்றைய முகநூலில் முதன்மையாக இருந்தவை ஒளிப்படமும், சுயகுறிப்பும், நண்பர் பட்டியலும். அதாவது, அந்தப் பழைய கையேடு. சரிவு அப்போதே தொடங்கிவிட்டது.

அப்படியானால் தீங்கு எவ்வழி வந்தது? ஆய்வாளர்கள் சுட்டும் விடை ஒப்பீடு. மனிதர் தம்மை அளக்கத் தம்மோடு ஒத்தவர்களையே அளவுகோலாகக் கொள்வர் என்று 1954இலேயே லியோன் ஃபெஸ்டிங்கர் எழுதினார். கல்லூரித் தோழரைவிட ஒத்தவர் யார்? வளாகத்துக்கு வெளியே தங்கிப் படித்தவர்கள் போல, ஒப்பீட்டில் தாம் குறைந்தவர் எனக் கருத இடமிருந்த மாணவர்களிடம் பாதிப்பு மிகுதியாக இருந்தது. இன்னொரு நுட்பமான தடயமும் உண்டு. சக மாணவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்ற எண்ணம் முகநூலுக்குப் பின் உயர்ந்தது. உண்மையான குடிப்பழக்கம் அவ்வாறு உயரவில்லை. மாறியது பிறர் வாழ்க்கை அன்று, பிறர் வாழ்க்கையைப் பற்றிய கற்பனை.

எதிர்த்தரப்புச் சான்றும் உண்டு. 2019இல் ஆர்பனும் சிபில்ஸ்கியும் பெரும் தரவுத்தொகுப்புகளை ஆராய்ந்து, பதின்பருவத்தினரின் நலவாழ்வில் காணப்படும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 விழுக்காட்டையே டிஜிட்டல் பயன்பாடு விளக்குகிறது என்றனர். இதையும் முந்தைய முடிவையும் முரணாகக் காண வேண்டியதில்லை. பின்னது திரைநேரத்தின் சராசரி விளைவைக் கேட்கிறது. முன்னது ஒரு சமூகத்துக்குள் ஊடகம் நுழைந்தால் அங்கே யார் தளர்கிறார் என்று கேட்கிறது. சராசரி மாணவர் என்று எவரும் விடுதியில் தங்கியிருப்பதில்லை.

இந்திய வரலாற்றில் இத்தகைய படிப்படியான நுழைவு வாய்க்கவில்லை. இங்கே முதலில் பரவியது ஆர்குட். அது 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் மலிவான தரவு நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரே வீச்சில் பாய்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க 'இன்னும் வராத' இடம் எஞ்சவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014இல் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் பணி அரியது. ஆயினும் ஒரு சிகிச்சைப் பிரிவு தன் வாசலுக்கு வருபவரையே அறியும்.

ஆகவே அமெரிக்க எண்களை அப்படியே இங்கே பொருத்தலாகாது. ஆனால் கேள்வியைக் கடன் வாங்கலாம். நம் பல்கலைக்கழகங்களில் ஒரு மாணவர் சோர்ந்து வந்தால் பெற்றோரும் ஆசிரியரும் முதலில் கேட்பது, "நாளைக்கு எத்தனை மணிநேரம் கைபேசி பார்க்கிறாய்?" என்பதே. 2004இன் பாடம் வேறு கேள்வியைக் கோருகிறது: "யாரைப் பார்த்து உன்னை அளந்துகொள்கிறாய்?" தினமும் பேருந்தில் வந்துபோகும் மாணவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி, ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர் ஆகியோருக்கு அந்த அளவுகோல் திரைக்கு முன்பே வகுப்பறையில் தரப்பட்டுவிடுகிறது. திரை அதை இரவிலும் அணையாமல் வைத்திருக்கிறது.

கைபேசியைப் பிடுங்குவது எளிது. உதவித்தொகை கிடைத்த செய்தியும் கட்டுரை ஏற்கப்பட்ட செய்தியும் மட்டுமே நம் பக்கங்களில் ஏறுகின்றன. திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரைகளை யாரும் அங்கே வைப்பதில்லை, நானும் வைத்ததில்லை. நம் துறையின் இளையவர்கள் அந்தக் கையேட்டைத்தான் நாள்தோறும் புரட்டுகிறார்கள். அதில் நாம் எதை அச்சிடுகிறோம் என்பது நம் பொறுப்பு.