ஆவியான பெட்ரோலும் கதகதப்பான வீடும்

சில வருடங்களுக்கு முன் ஆபீஸ் வேலையாகப் போய், அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தேன். டவுனுக்கு வெளியே இருந்த சக ஊழியர் வீட்டின் பின்பக்கம், ராட்சத மாத்திரை மாதிரி ஒரு வெள்ளை டேங்க் பாதி பனியில் புதைந்து கிடந்தது. "புரொப்பேன். வீட்டுக்கே சூடு இதிலிருந்துதான்" என்றார். வெளியே மைனஸ் 20 டிகிரி. உள்ளே நான் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டேன்.

நம்மூர் சிலிண்டரில் இருப்பதும் இதன் சொந்தக்காரன்தான். அப்புறம் எப்படி இந்தக் குளிரில் உறையாமல் வருகிறது? அங்கிருந்துதான் தேட ஆரம்பித்தேன்.

கதை ஒரு புகாரில் தொடங்குகிறது. 1910-இல் ஃபோர்டு மாடல் டி கார் வைத்திருந்த ஒருவர், காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் வீடு வருவதற்குள் ஆவியாகிவிடுகிறதே என்று பிட்ஸ்பர்க்கில் முறையிட்டார். அரசின் சுரங்கத் துறையில் இருந்த வேதியியலாளர் வால்டர் ஸ்னெல்லிங் அந்த ஆவியைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே புரொப்பேனும் பியூட்டேனும் இருந்தன. அழுத்தினால் திரவம், திறந்தால் எரிவாயு! 1913-இல் காப்புரிமையும் கிடைத்தது.

இந்த இரண்டில் குளிர்நாட்டு வீட்டுக்கு ஏற்றது புரொப்பேன். பியூட்டேன் கிட்டத்தட்ட 0 டிகிரியிலேயே கொதிப்பதை நிறுத்திவிடும். அதற்குக் கீழே டேங்கிலிருந்து வாயு எழும்பாது. புரொப்பேனோ மைனஸ் 42 வரை கொதிக்கும். என் சந்தேகத்துக்கு விடை இதுதான்.

யாருக்கு இதனால் லாபம்? கேஸ் குழாய் நகரத்தோடு நின்றுவிடும். 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் கரண்டே இருந்தது. விறகு பிளப்பது, நிலக்கரி அள்ளுவது, சாம்பல் கொட்டுவது, எல்லாம் தினசரி வேலை. குழாயே தேவைப்படாத டேங்க் வந்ததும் அந்தப் பாடு ஒழிந்தது. புகையும் கரியும் மிகக் குறைவு.

ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் நிலவறையில் போய்த் தேங்கும். இயல்பாக வாசனையும் கிடையாது. 1937-இல் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில், வாசனையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து வெடித்ததில் 300 பேர் அளவில் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பது சட்டமானது அதன் பிறகுதான். நம் அடுப்படியில் கேஸ் கசிந்தால் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றமும் இதே காரணத்துக்காகச் சேர்க்கப்படுவதுதான்.

"அப்போ யாரையும் நம்ப வேண்டாம், அப்படித்தானே?" என்று நண்பரிடம் கேட்டேன். சிரித்தார். சூடான காற்றைத் தள்ளும் ஃபேனுக்குக் கரண்ட் வேண்டும். டேங்க்கை நிரப்ப லாரி வர வேண்டும். 2013-14 குளிர்காலத்தில், ஈரச் சோளத்தை உலர்த்தவே ஏகப்பட்ட புரொப்பேன் செலவாகி, பின்னாலேயே கடுங்குளிரும் வந்தபோது, அந்தப் பக்கம் விலை சில வாரங்களில் சுமார் இரண்டு மடங்கானது.

அதிலிருந்து அவர் கோடையிலேயே டேங்க்கை நிரப்பிவிடுகிறாராம். நிரப்புவது என்றால் 80 சதவீதம்தான். வெயிலில் திரவம் விரிவதற்கு மீதி இடம் காலியாகவே இருக்க வேண்டும்.