திறன்மரமும் தெரிவுச் சுதந்திரமும்

விளையாட்டு ஆராய்ச்சிக்குரிய பொருளன்று எனக் கருதுவோர் இன்றும் நம்மிடையே உளர். ஆயின், மனிதன் தன் ஓய்வு வேளைக்கெனப் படைத்துக்கொள்ளும் கற்பனை உலகிலும் அவன் வாழும் சமுதாயத்தின் சாயல் படிந்தே தீரும். இணையவழிப் பாத்திர விளையாட்டுகளில் இடம்பெறும் ‘திறன்மரம்’ என்னும் அமைப்பின் வரலாறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகியோர் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ காகிதமும் பகடையும் கொண்டு ஆடப்பட்டது. போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூன்று வகுப்புகளே அதில் இருந்தன. வகுப்பைத் தெரிந்ததும் பாத்திரத்தின் தொழிலும் பெரும்பாலும் முடிவாகிவிட்டது. பிறப்பால் தொழில் வகுத்த பழைய சமுதாயங்களை இது நினைவூட்டுகின்றது. 1997இல் வெளிவந்த ‘அல்டிமா ஒன்லைன்’ இதற்கு நேர்மாறான வழியை நாடியது. அங்கு நிலையான வகுப்பு இல்லை. பழகப் பழகத் திறன் வளர்ந்தது. திறன்களின் கூட்டுத்தொகை 700 புள்ளிகளைத் தாண்டலாகாது என்பதே கட்டுப்பாடு.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியாக அமைந்தது, 2000ஆம் ஆண்டின் ‘டயப்லோ 2’. வகுப்பு நிலைத்தது, ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று மரங்களாகப் பகுக்கப்பட்ட 30 திறன்கள் வழங்கப்பட்டன. மேற்கிளையை எட்டக் கீழ்க்கிளையைக் கடத்தல் வேண்டும். இட்ட புள்ளியை மீளப்பெறும் வழி 2010ஆம் ஆண்டுவரை விளையாட்டினுள் இருக்கவில்லை. தெரிவுக்குப் பெறுமதி தந்தது இவ்வருமையே எனலாம்.

2004இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ட்’ இம்மரத்தைப் பல்லாயிரவர் கூடிவாழும் உலகில் நட்டது. பத்தாம் படியிலிருந்து அறுபதாம் படிவரை 51 புள்ளிகள். ஒரு மரத்தின் உச்சியை எட்ட 31 புள்ளிகள். ஆகவே, இரு மரங்களின் உச்சிகளை ஒருவர் ஒருங்கே எட்ட இயலாது. தெரிவை மாற்றப் பொற்காசு செலுத்தல் வேண்டும். ஒன்றில் தொடங்கும் கட்டணம் மாற்றுந்தோறும் உயர்ந்து ஐம்பதுவரை சென்றது.

முரண்பாடு இங்கேதான் தோன்றியது. ‘பலடின்’ என்னும் வகுப்புக்கு நோய் தீர்த்தல், காத்தல், தண்டித்தல் என மூன்று பாதைகள் வரையப்பட்டிருந்தன. ஆயினும், காவலனுக்கு இன்றியமையாததான, எதிரியின் தாக்குதலைத் தன்பால் வலிந்து திருப்பும் ஆற்றல் அதற்கு அப்போது அளிக்கப்படவில்லை. நாற்பதின்மர் கூடிப் பொருதும் பெரும்போர்களில் அவ்வகுப்பினர் பெரும்பாலும் நோய் தீர்ப்போராகவே ஏற்கப்பட்டனர். ஏட்டில் மூன்று பாதைகள்; நடைமுறையிலோ ஒன்றே. அன்றியும், எக்கிளை மிகுந்த பயன் தரும் எனக் கணக்கிட்டோர் அதனைப் பரப்ப, ஏனையோர் அதனை அப்படியே பின்பற்றினர்.

வடிவமைப்பாளர் இதனை உணராமலில்லை. 2010இல் மரங்களைக் குறுக்கினர். 2012இல் அவற்றை நீக்கி, வரிசைக்கு மூன்றாக ஆறு வரிசைத் தெரிவுகளை வைத்தனர். எல்லோரும் ஒரே அமைப்பையே பின்பற்றியமை அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆயினும், படிதோறும் ஒரு புள்ளியை இட்டு வளர்வதில் மக்கள் கண்ட இன்பம் மறையவில்லை. 2022இல் வகுப்புக்கு ஒன்றும் சிறப்புத்துறைக்கு ஒன்றுமாக மரங்கள் மீண்டும் தளிர்த்தன.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? கிளைகள் பல இருப்பதனால் மட்டும் சுதந்திரம் பிறந்துவிடுவதில்லை. ஒவ்வொரு கிளையின் உழைப்புக்கும் கூட்டுவாழ்வில் இடமிருத்தல் வேண்டும். தவறாகத் தெரிந்தவன் திரும்பிவரும் வழியும் அவனால் தாங்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும். கலை, விஞ்ஞானம், வர்த்தகம் எனத் துறை தெரிந்து பிரியும் மாணவரை ஆண்டுதோறும் காணும் ஆசிரியனுக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை. கற்பனை மரத்தைத் திருத்த அதனை வரைந்தோர் பதினெட்டு ஆண்டுகள் முயன்றனர். நம் பிள்ளைகளின் முன் நாம் வரைந்து வைத்திருக்கும் மரத்தை எப்போது திருத்தப்போகின்றோம்?